டூல் பெட்டியில் கிடைத்த புதிர் கேஜ்கள்: வாகனக் கேள்வி பதில்

‘இது என்ன கேஜ்?’ என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். அதனால் பகுதி முழுவதையும் கார்புரேட்டர் கேஜ்களுக்கே, அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை செட் செய்ய உதவும் அளவுகருவிகளுக்கே, ஒதுக்கிவிட்டோம். இனி படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்கேலில் உள்ள அலகும் கருவியின் அடிப்பக்கமும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். கம்பெனிப் பெயர் அழிந்திருந்தாலும் இந்த இரண்டையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: இங்கே ஒரு பழைய மெக்கானிக் வீட்டில் சாமான்களை விற்றபோது டூல் பெட்டி ஒன்று வாங்கினேன். அதில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி இருக்கிறது. டிகிரி போட்ட வட்டத் தகடு, ஒரு முள், சுழலக்கூடிய ரசமட்டக் குமிழி, அடியில் காந்தம். ‘ஜே-26701’ என்ற எண்ணைத் தவிர வேறு எழுத்தே இல்லை. தச்சு வேலைக்கான கருவி என்கிறார் நண்பர். அப்படித்தானா? (டொராண்டோ வாசகர்)

பதில்: இல்லை. சோக் வால்வு, அதாவது குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் தகடு, எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்று அளக்கும் கேஜ் அது. ‘ஜே’ என்று தொடங்குவது சர்வீஸ் கருவிகள் செய்யும் கென்ட்-மூர் கம்பெனியின் எண் வரிசை. ஜெனரல் மோட்டார்ஸ் சர்வீஸ் மேனுவல்களில் ரோச்செஸ்டர் கார்புரேட்டர் பகுதியைத் திறந்தால் ‘ஜே-26701 அல்லது பி.டி.-7704’ என்று திரும்பத் திரும்ப வரும். இரண்டும் ஒரே வேலைக்கானவை. 1970களின் பின்பாதி முதல் ரோச்செஸ்டரின் குவாட்ராஜெட் போன்ற கார்புரேட்டர்களை செட் செய்ய இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் சோக் திறப்பை டிரில் பிட் அல்லது உருண்டைக் கம்பி கேஜை வைத்துத்தான் பார்த்தார்கள். சோக் தகட்டின் ஓரத்துக்கும் ஏர்ஹார்ன் (கார்புரேட்டரின் மேல்வாய்) சுவருக்கும் நடுவே குறிப்பிட்ட தடிமனுள்ள கம்பி இறுக்கமில்லாமல் நுழைய வேண்டும். கம்பியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் அளவு மாறிவிடும். ஒரே கார்புரேட்டரை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு வரும். 1970க்குப் பிறகு அமெரிக்காவில் புகைச் சட்டங்கள் இறுகியபோது இந்தப் பிசகு தாங்கவில்லை. கோணமாக அளந்தால் ஆளுக்கு ஆள் மாறாது.

குமிழி இருப்பதால் கார்புரேட்டர் சரிமட்டமாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கேஜ் அளப்பது மூடிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை. வண்டி சரிவில் நின்றாலும் அளவு சரியாகவே வரும். ஆனால் பூஜ்யம் வைத்ததிலிருந்து அளந்து முடிக்கும்வரை வண்டியோ கார்புரேட்டரோ அசையக் கூடாது. கார்புரேட்டரைக் கழற்றி மேஜையில் வைத்துச் செய்வதாக இருந்தால் ஸ்டாண்டில் இறுக்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்தால் வேலைக்கு ஆகாது.

செய்முறை இது. டிகிரி தகட்டைச் சுழற்றிப் பூஜ்யத்தை முள்ளுக்கு நேரே கொண்டுவாருங்கள். சோக் வால்வு முழுதாக மூடியிருக்கும்போது காந்தத்தை அதன் மேல் நேராக, கோணல் இல்லாமல் உட்கார வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை குமிழிப் பகுதியை மட்டும் சுழற்றுங்கள். பிறகு அந்தக் கார்புரேட்டருக்கு மேனுவலில் சொன்ன டிகிரி முள்ளுக்கு நேரே வரும்படி தகட்டைத் திருப்புங்கள். இப்போது குமிழி ஓரத்துக்கு ஓடியிருக்கும். அடுத்து எந்த அட்ஜஸ்ட்மென்ட் செய்கிறீர்களோ, உதாரணமாக வாக்குவம் பிரேக் (வண்டியின் பிரேக் அல்ல, ஸ்டார்ட் ஆனதும் வெற்றிடத்தால் சோக்கைச் சற்றே திறக்கும் அமைப்பு), அதைச் செயல்பட வைக்க வேண்டும். கைப்பம்பால் டயாஃப்ரம் முழுதாக உள்ளே இழுக்கும்வரை வெற்றிடம் கொடுங்கள். 18 பாதரச அங்குலம் என்பது வழக்கமான அளவு. ஏர் பிளீட் துளை இருக்கிற மாடலில் அதை டேப் ஒட்டி அடைக்காவிட்டால் வெற்றிடம் நிற்காது. சோக்கை மூடும் பக்கமாக லேசாகத் தள்ளிப் பிடித்தபடி, ஸ்க்ரூவைத் திருப்பியோ ராடை வளைத்தோ குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான்.

டிகிரியை யாரிடமும் கேட்டு வைக்காதீர்கள். நாங்களும் சொல்ல மாட்டோம். குவாட்ராஜெட்டில் டிரைவர் பக்கம், பின்புறமாக, பாடியின் செங்குத்துச் சுவரில் 70 அல்லது 170 என்று தொடங்கும் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணுக்கு உரிய வரியைத்தான் பார்க்க வேண்டும். ஒரே வருஷம், ஒரே இன்ஜின் என்றாலும் கியர்பாக்ஸ் மாறினால் டிகிரியும் மாறும். திறப்பு குறைந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆன உடனே கறுப்புப் புகை தள்ளித் திணறும். கூடினால் ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைந்துவிடும்.

பழைய கேஜில் இரண்டு இடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழிக் குழாயில் திரவம் வற்றிக் குமிழி பெரிதாகியிருந்தால் நடுவைக் கணிப்பது கடினம். காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் கேஜ் கோணலாக உட்காரும், தூளும் கார்புரேட்டருக்குள் விழும். எடுக்கும்போது மேலே வெடுக்கென்று இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள்.

அதே பெட்டியில் ‘டி’ வடிவத்தில் சின்ன ஸ்கேல் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இதன் ஜோடி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் (மிதவை) உயரம் அளப்பது. கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, ஃப்ளோட்டைப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் மேல் மெல்ல அழுத்தி, நுனியிலிருந்து 3/16 அங்குலம் உள்ளே தள்ளி, பாடியின் மேல்விளிம்பிலிருந்து ஃப்ளோட்டின் மேல்பக்கம்வரை அளக்க வேண்டும்.

கேள்வி: லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்த பெட்டியில் அலுமினியத்தில் வார்த்த கிண்ணம் மாதிரி ஒரு சாமான். அடியில் ரப்பர் வளையம், நடுவில் மரையில் ஏறி இறங்கும் வட்டத் தட்டு, பக்கத்தில் கண்ணாடிக் குழாய், அதற்குள் சிவப்பாகச் சின்ன மிதவை. எங்கட மொறிஸ் மைனருக்கு இதை வைத்து கார்புரேட்டர் செட் பண்ணலாமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: உங்களிடம் இருப்பது யூனிசின். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கார்புரேட்டர் உள்ள இன்ஜினில், எல்லாம் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று ஒப்பிடும் கருவி. அமெரிக்காவின் எடல்பிராக் நிறுவனம் நெடுங்காலம் விற்றது. மொறிஸ் மைனரில் இருப்பது எஸ்.யு. என்ற பிரிட்டிஷ் வகைக் கார்புரேட்டர், அதுவும் ஒன்றே ஒன்று. ஒப்பிட இன்னொன்று இல்லாத இடத்தில் இந்தக் கேஜுக்கு வேலை இல்லை. கலவையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. காற்றை மட்டுமே பார்க்கும்.

இரட்டை எஸ்.யு. உள்ள எம்.ஜி., ட்ரையம்ப் மாதிரி வண்டி வைத்திருக்கும் நண்பருக்கு இது பொக்கிஷம். அவருக்காக முறையைச் சொல்லிவிடுகிறோம். டேப்பட் இடைவெளி, பிளக், இக்னிஷன் டைமிங் மூன்றையும் முதலில் சரிசெய்ய வேண்டும். இன்ஜினைச் சூடாக்கி, ஏர் கிளீனர்களைக் கழற்றி, இரண்டு திராட்டில் ஸ்பிண்டிலையும் (ஆக்சிலரேட்டரோடு திறக்கும் தகட்டின் அச்சு) இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். பலரும் மறப்பது இந்தக் கிளாம்பைத்தான். இறுக்கமாக விட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருப்பினால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டே போகும், நாள் முழுக்க முடியாது.

கேஜை முன் கார்புரேட்டரின் வாயில் காற்று கசியாமல் அழுத்தி வைத்து, நடுத்தட்டைத் திருப்பி மிதவையைக் குழாயின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு தட்டைத் தொடக் கூடாது. கேஜைப் பின் கார்புரேட்டருக்கு மாற்றி, அதன் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலை) ஸ்க்ரூவால் மிதவையை அதே உயரத்துக்குக் கொண்டுவரவும். இப்படி முன்னும் பின்னும் சில முறை மாற்றிப் பார்த்து, இன்ஜின் வேகம் ஐடிலில் இருக்கும்படி சமன் செய்யவும். பிறகு கிளாம்பை இறுக்கி, 1500 ஆர்.பி.எம். அளவில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஐடிலில் சமமாக இருந்து இங்கே மாறினால் கிளாம்ப் இறுக்கும்போது ஒரு ஸ்பிண்டில் முந்திவிட்டது என்று பொருள்.

கேஜை வைத்ததும் இன்ஜின் சுணங்குவது இயல்பு, அது காற்றை ஓரளவு அடைக்கிறது. சில நொடிகளில் படித்துவிட்டு எடுத்துவிடுங்கள். அணைந்தே போனால் நடுத்தட்டை இன்னும் திறக்க வேண்டும். எஸ்.யு. பக்கவாட்டில் காற்றிழுப்பது, கேஜை எப்படி வைத்தாலும் கண்ணாடிக் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் மிதவை சுவரில் உரசிப் பொய் சொல்லும்.

இனி உங்கள் மைனருக்கு வருவோம். போர்க்காலத்தில் பெட்ரோல் தடை இருந்த வருஷங்களில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டியாக இருந்தால், அப்போது யாராவது ஜெட் (பெட்ரோல் வரும் துளைக்குழாய்) நட்டைத் திருகி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. இருக்கிற நிலையை நம்பாமல் முதலிலிருந்து தொடங்குங்கள். கார்புரேட்டரின் மேல் சேம்பரையும் அதற்குள் உள்ள பிஸ்டனையும் எடுத்துவிட்டு, ஜெட்டின் வாய் பிரிட்ஜுக்கு (காற்றுப் பாதையின் அடியில் உள்ள மேடு) சமமாக வரும்வரை நட்டை மேலே ஏற்றுங்கள். அங்கிருந்து நட்டின் 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். பிஸ்டனில் தொங்கி ஜெட்டுக்குள் இறங்கும் நீடிலின் தோள் பிஸ்டனின் அடிப்பக்கத்தோடு சமமாக இருக்க வேண்டும். மாட்டிய பிறகு பிஸ்டனைத் தூக்கிவிட்டால் ‘டக்’ என்ற சத்தத்தோடு பிரிட்ஜில் விழ வேண்டும். சத்தம் வராமல் வழுக்கி நின்றால் நீடில் ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டை நடுப்படுத்தாமல் மேலே போவதில் பயன் இல்லை.

இன்ஜின் சூடானதும், கார்புரேட்டரின் பக்கத்தில் உள்ள சின்ன ஊசியால் (லிஃப்டிங் பின்) பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். உடனே விழுந்து அணையப் போனால் பெட்ரோல் குறைவு, கீழே இறக்குங்கள். லேசாகக் கூடிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால் சரி. ஒரு தடவைக்கு ஒரு முகம்தான் திருப்ப வேண்டும். பிஸ்டனின் ஆட்டத்தை அடக்கும் டேம்பருக்கு 20-ஆம் எண் எண்ணெய் போதும். அது வற்றிப்போன வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு தொய்வு வரும்; அதற்கு ஜெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: வட்ட டயல். வெளிவட்டத்தில் 0 முதல் 30 வரை, உள்வட்டத்தில் பி.எஸ்.ஐ. ஆங்காங்கே சிவப்பு, பச்சைப் பட்டைகள், நீளமான ரப்பர் குழாய். என் பெட்ரோல் அம்பாசடரில் மாட்டினால் 12-க்கு மேல் ஏறவில்லை. பச்சைப் பட்டை 17-ல்தான் தொடங்குகிறது. இன்ஜின் போய்விட்டதா? (உதகை வாசகர்)

பதில்: இன்ஜின் நன்றாக இருக்கிறது, உங்கள் ஊர்தான் உயரத்தில் இருக்கிறது. அது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் வாக்குவம் கேஜ், அலகு பாதரச அங்குலம். உள்வட்ட பி.எஸ்.ஐ. பெட்ரோல் பம்ப் அழுத்தத்துக்கு. பச்சைப் பட்டையின் 17 முதல் 21 வரை என்பது கடல்மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். உதகை சுமார் 2240 மீட்டர், 7300 அடிக்கு மேல். எனவே 7 கழித்துக்கொள்ளுங்கள்: 10 முதல் 14 வரை வந்தால் சரி. முள் ஆடாமல் 12-ல் நிற்கிறது என்றால் குறை எதுவும் இல்லை. இதே வண்டி மேட்டுப்பாளையத்தில் 18 காட்டும்.

குழாயை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். திராட்டில் தகட்டுக்கு மேலே, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாயில் மாட்டினால் ஐடிலில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

கார்புரேட்டருக்கு இதைப் பயன்படுத்துவது சுலபம். சூடான இன்ஜினில் மிக்சர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, முள் எந்த இடத்தில் உச்சத்தில், ஆடாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஆர்.பி.எம். ஏறியிருக்கும், ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவால் குறைத்துவிட்டுத் திரும்பவும் மிக்சரைத் தேடுங்கள். இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்தால் போதும். ஸ்பீடு ஸ்க்ரூவை மட்டும் திருகி முள்ளை ஏற்றப் பார்ப்பது வீண் வேலை.

முள் மெதுவாக அலைபாய்ந்தால் கலவை சரியில்லை. நின்ற இடத்திலேயே நின்று இரண்டு மூன்று அங்குலம் குறைவாகக் காட்டினால் முதலில் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். மிகக் கீழே நின்றால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் கசிவு. கேஸ்கெட் ஓரமாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயிலைப் பூசினால், கசிகிற இடத்தில் இன்ஜின் சத்தம் மாறும். சூடான இன்ஜினில் பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். சீராக, ஒரே தாளத்தில் முள் வெட்டி வெட்டி இழுத்தால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. அதைக் கார்புரேட்டரால் சரிசெய்ய முடியாது.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால் கலவை சுமார் 10 சதவீதம் கெட்டியாகிவிடுகிறது. மலையிலேயே ஓடுகிற வண்டிக்கு மெயின் ஜெட்டை ஓர் அளவு சின்னதாகப் போடலாம். அந்த ஜெட்டோடு கோவை வெயிலில் நெடுந்தூரம் விரட்டினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும், நாக்கிங் (தட்டுகிற சத்தம்) வரும். அடிக்கடி இறங்குகிறவர்கள் பழைய ஜெட்டையே வைத்துக்கொண்டு கொஞ்சம் பெட்ரோல் செலவைப் பொறுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: புல்லட்டுக்கு இதில் எந்தக் கேஜ் வாங்கலாம்? (மதுரை வாசகர்)

பதில்: எதுவும் வேண்டாம். ஒற்றை சிலிண்டர், ஒற்றைக் கார்புரேட்டர். மிக்கார்ப் வி.எம். வகைக் கார்புரேட்டரில் பைலட் ஏர் ஸ்க்ரூவை மென்மையாக உட்காரும்வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இன்ஜின் சூடானதும் வேகம் அதிகமாக வரும் இடத்தைத் தேடி நிறுத்தி, பிறகு ஸ்லோ ஸ்பீடைக் குறையுங்கள். அம்பாசடர்க்காரருக்குச் சொன்னதைப் பார்த்துத் திருப்பாதீர்கள்: அவருடைய சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், உங்களுடையதில் உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும்.

கேள்வி: கண்ணாடி வைத்த ஸ்பார்க் பிளக் ஒன்று கிடைத்தது. இது எதற்கு? (சேலம் வாசகர்)

பதில்: கன்சன் கம்பெனியின் கலர்டியூன், அல்லது அதைப் பார்த்துச் செய்தது. பிளக்குக்குப் பதிலாக மாட்டி, எரியும் நிறத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் பெட்ரோல் அதிகம். மஞ்சள் மறைந்து நீலம் வந்ததும் நிறுத்துங்கள். வெளிறிய வெள்ளை நீலத்துக்குப் போனால் மெலிந்துவிட்டது. பகலில் நிழலிலாவது பார்க்க வேண்டும், வெயிலில் நிறம் தெரியாது. ஐடிலிலும் அதற்குச் சற்று மேலும் மட்டும் பயன்படுத்துங்கள். அதை மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டக் கூடாது.

கேள்வி: நான்கு கண்ணாடிக் குழாய் வரிசையாக நிற்கும் பலகை, குழாய்களில் வெள்ளி மாதிரி திரவம். 1970களின் ஹோண்டா நாலு சிலிண்டர் பைக்குக்கு இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். பயன்படுத்தலாமா? (சென்னை வாசகர்)

பதில்: கருவி சரியானதுதான், ஆனால் உள்ளே இருப்பது பாதரசம். நான்கு இன்டேக் துளைகளிலும் குழாயை மாட்டி, நான்கு தூணும் ஒரே உயரத்தில் நிற்கும்படி கார்புரேட்டர்களைச் சமன் செய்வது முறை. துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திருகினாலோ, ஒரு குழாய் கழன்று வந்தாலோ, பாதரசம் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டுவிடும். சூடான இன்ஜினில் அது ஆவியாகி நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்கும். அலுமினியத்தோடு சேர்ந்தால் அதை அரிக்கவும் செய்யும், உங்கள் இன்ஜின் ஹெட் அலுமினியம்.

வேலைக்கு நான்கு டயல் வாக்குவம் கேஜ் கொண்ட செட் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் நான்கையும் ஒரே சிலிண்டரில் மாற்றி மாற்றி மாட்டி, ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பாருங்கள். மலிவு செட்டில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். முள் அதிர்ந்து ஆடினால் குழாயில் உள்ள சின்ன வால்வை ஆட்டம் அடங்கும்வரை மட்டும் மூடுங்கள். முழுக்க மூடினால் முள் பழைய அளவிலேயே உறைந்து நிற்கும்.

பழைய பலகையைச் சாய்க்காமல், குழாய் வாய்களை அடைத்து, நிமிர்த்தி வையுங்கள். திரவத்தை நீங்களே வடிக்கவோ சாக்கடையில் ஊற்றவோ வேண்டாம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அபாயக் கழிவை எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் பலகையோடு அப்படியே ஒப்படையுங்கள்.